பேசுவதற்கு ஒரு டார்ச்

ராமர் என் கடையில் ஒரு டார்ச் வாங்க எடுத்துக்கொண்ட நேரத்தில் வேறொருவர் பெண் பார்த்து, கை நனைத்து, கல்யாணத்தையே முடித்திருப்பார். பெரிய டார்ச்சும் இல்லை. சட்டைப் பையில் போட்டால் பேனாவோடு பேனாவாகக் கிடக்கிற சின்ன எல்.இ.டி. டார்ச். பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் சீனாக்காரன் சரக்கு. ஒரு வேளைச் சாப்பாட்டு விலைகூட ஆகாது. கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதற்குத்தான் அந்த மனிதர் நாள்கணக்கில் என் உயிரை எடுத்தார்.

இது 2008-இல் நடந்தது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பதை வைத்துத்தான் அந்த வருஷம் திருப்பூரில் சோறு பொங்குவதுகூட நடந்தது. கம்பெனிகளில் ஜெனரேட்டர் ஓடும். வீடுகளில் பனை விசிறி ஓடும். அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறைகள் முடிகிற இடத்தில் என்னுடைய ஃபேன்சி ஸ்டோர். வளையல், சீப்பு, ஹேர்பின், பிளாஸ்டிக் குடம் என்று விற்றுக்கொண்டிருந்தவள், அந்த வருஷம் டார்ச் விற்றே பிழைத்தேன். வாங்க வருகிறவர்கள் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பார்கள். சுவரில் அடிப்பார்கள், கூரையில் அடிப்பார்கள், எதிரே படுத்திருக்கும் நாயின் மேல் அடிப்பார்கள். எரிந்தால் சரி என்று வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ராமர் நாயின் மேல் அடிக்கவில்லை. கடையில் இருந்த ரகம் அத்தனையையும் எடுத்துக் காட்டச் சொன்னார். சாவிக்கொத்தில் தொங்குவது, பேனா மாதிரி மெலிந்தது, முன்னால் மூன்று பல்பு வைத்தது, ஐந்து பல்பு வைத்தது என்று மேஜை மேல் பரப்பினேன். விற்பனைக்குத் தொங்கிய கைக்கண்ணாடி ஒன்றையும் கழற்றிக்கொண்டு, குடங்கள் அடுக்கியிருக்கும் உள்மூலைக்குப் போனார். அங்கே பகலிலேயே இருட்டாக இருக்கும். டார்ச்சைத் தாடைக்குக் கீழே பிடித்துத் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துச் சத்தமில்லாமல் வாயசைத்தார்.

"ஏனுங்க, என்ன பண்றீங்க அங்க?" என்றேன். பதில் இல்லை. பக்கத்தில் போய், அவர் முழங்கை பட்டிருந்த குடத்தைத் தட்டினேன்.

திரும்பிப் பார்த்து, "இது சரியில்ல அம்மிணி, உதடு மட்டுந்தான் தெரியுது" என்றார்.

தலையில் பாதி நரைத்த ஆள் கடைக்குள் நின்று தன் உதட்டைத் தானே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன நினைப்பது? எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "மீசையை எடுத்துட்டீங்கன்னா இன்னும் நல்லாத் தெரியுமுங்க" என்றேன். அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் சொன்னது அவருக்குப் புரிந்திருக்கிறது.

அவர் எனக்குப் புது ஆள் இல்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் லைன் வீட்டில் ஐந்தாம் நம்பர். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஐந்து வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாசல், ஒரு குழாய், ஒரு துவைக்கும் கல். முதல் வீட்டில் நான் குடியிருந்தேன். கடையின் பின்கதவைத் திறந்தால் அந்த வாசல்தான். ராமர் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து இருபது வயதில் திருப்பூருக்கு வந்து நிட்டிங் மெஷினில் நின்றவர், கடைசிவரை வேறு வேலைக்குப் போகவில்லை. மெஷின் சுற்றச் சுற்ற நூல் துணியாகி, பெரிய குழாய் மாதிரி கீழே இறங்கும். அந்தத் துணிக்குள் ஒரு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். எங்காவது ஓட்டை விழுந்தால் வெளிச்சம் புள்ளியாகத் தெரியும். உடனே மெஷினை நிறுத்திவிட வேண்டும். ராமரின் கண்ணுக்குத் தப்பி ஒரு புள்ளியும் கீழே இறங்காது என்று கம்பெனியில் சொல்வார்கள். கண் அவ்வளவு வேலை செய்ததற்குக் காரணம், காது வேலையை விட்டதுதான்.

அந்த ஷெட்டுக்குள் நான் ஒரு தடவை போயிருக்கிறேன். எல்லா மெஷினும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் கேட்காது. நூல் தீர்ந்துவிட்டது, டீ வந்துவிட்டது, முதலாளி வருகிறார் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கை ஜாடை வைத்திருக்கிறார்கள். மிச்சத்தை உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். அங்கே எல்லோருமே செவிடர்கள் என்பதால் தனியாக யாரும் செவிடர் இல்லை. அதனால் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது ராமருக்கே ரொம்ப நாள் தெரியவில்லை.

தெரிய வந்த இடம் ஒரு பெண் வீடு. பெண்ணின் அப்பா வாய் நிறைய வெற்றிலையை அடக்கிக்கொண்டு, "கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு?" என்று கேட்டிருக்கிறார். அந்த வாயில் ராமரால் எதையும் படிக்க முடியவில்லை. மெஷினின் அளவைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "இருபத்திநாலு இஞ்ச்" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு மூளை கலங்கியிருக்கிறது என்று அவர்கள் காபித் தம்ளரோடு உள்ளே போய்விட்டார்கள். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அதற்குப் பிறகு அவர் எந்தப் பெண் வீட்டுக்கும் போகவில்லை. ஏதோ முகாமில் கொடுத்த காது மெஷினையும் மாட்டிப் பார்த்தார். அது பேச்சு, ஹாரன், பட்டறைச் சுத்தியல் எல்லாவற்றையும் ஒரே மாதிரி பெரிதாக்கிக் காதுக்குள் கொட்டியதாம். கழற்றித் தகரப் பெட்டியில் போட்டு மூடிவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதருக்குக் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. எங்களுக்கு அது பேச்சு நேரம். டி.வி. நின்றதும் ஐந்து வீட்டு ஆட்களும் புழுக்கம் தாங்காமல் வாசலுக்கு வந்து, ஆளுக்கொரு படியில் உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் பேசுவோம். இருட்டில் யார் பேசுகிறார்கள் என்பது குரலை வைத்தே தெரியும். ராமருக்கு முகம் தெரியாவிட்டால் யாரும் பேசவில்லை என்றுதான் அர்த்தம். ஐந்தாம் நம்பர் படியில் கைகளை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். கரண்ட் வந்ததும் எல்லோரும் ஓவென்று கத்திக்கொண்டு சீரியல் பார்க்க உள்ளே ஓடுவோம். வெளிச்சம் வந்த வாசலில் அவரோடு பேச ஆள் இருக்காது.

சீனியம்மாள் வந்த பிறகுதான் இது கொஞ்சம் மாறியது. நாலாம் நம்பருக்கு அந்தத் தைப் பொங்கல் கழிந்து குடிவந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. புருஷன் செத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகன் பாண்டித்துரை, சாத்தூரில் பெண்டாட்டியோடு இருந்தான். இவள் இங்கே ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுகிற வேலை. அவளுடைய மாமியாருக்குக் காது கேட்காதாம். அந்தப் பழக்கத்தில், வந்த வேகத்திலேயே ராமரைக் கண்டுபிடித்துவிட்டாள். எங்களை மாதிரி அவரிடம் கத்தமாட்டாள். பேசுவதற்கு முன்னால் அவர் பக்கம் முகத்தைத் திருப்புவாள், அவ்வளவுதான். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாலும் கையை நிறுத்தி, முகத்தைத் திருப்பி, "அண்ணாச்சி, சாப்ட்டாச்சா?" என்பாள். இத்தனை வருஷத் திருப்பூர் வாழ்க்கையில் அந்த மனிதருக்கு அதை யாரும் செய்ததில்லை.

இரண்டு பேரும் என்னதான் பேசுவார்கள் என்று நான் ஒட்டுக்கேட்டிருக்கிறேன். ஒன்றும் இல்லை. கரிசல் காட்டில் இந்த வருஷம் மழை உண்டா, கோவில்பட்டி பஸ்ஸில் இடம் கிடைத்ததா, உளுந்து என்ன விலை, இதுதான். சந்தையில் மூலனூர் முருங்கைக்காய் மலிந்து கிடந்தால் இவர் ஒரு கட்டு வாங்கிவந்து அவள் படியில் வைப்பார். மறுநாள் ஒரு கிண்ணம் குழம்பு இவர் படிக்கு வரும். ஆனால் அவள் கம்பெனியிலிருந்து வந்து, கை கால் கழுவி, அப்பாடா என்று படியில் உட்காருகிற நேரத்துக்குச் சரியாகக் கரண்ட் போக ஆரம்பித்தது. நாளெல்லாம் காத்திருந்து கிடைக்கிற அந்த ஒரு மணி நேரமும் அவருக்கு இருண்டுவிட்டது. மெழுகுவர்த்தி வைத்துப் பார்த்தார். வாசல் காற்றுக்கு நிற்கவில்லை. எமர்ஜென்சி லைட் வைத்தார். ஊர்ப் பூச்சியெல்லாம் வந்து அவள் முகத்தில் மொய்த்தது. அதற்குப் பிறகுதான் என் கடைக்கு டார்ச் பார்க்க வந்தார்.

இதெல்லாம் அன்று எனக்குத் தெரியாது. ஒரு டார்ச்சை வாங்கிப் போவார், மறுநாள் கொண்டுவந்து வேறு கேட்பார். ஒரு பல்பு டார்ச் ஆகாது என்றார். வெளிச்சம் வாய் மேல் மட்டும் வட்டமாக விழுகிறது. கண்ணும் தெரிய வேண்டும். கண்ணைப் பார்க்காமல் உதட்டை மட்டும் படித்தால் கேலி செய்கிறார்களா, கோபமாகப் பேசுகிறார்களா என்று புரியாதாம். ஐந்து பல்பு முகத்தைச் சுளிக்க வைத்தது. அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டிய பொத்தான் கூடவே கூடாது, பேசுகிறவர்களுக்குக் கட்டைவிரல் கடுக்கும் என்று ஒதுக்கினார். டொக்கென்று அமுக்கினால் எரியவேண்டும், இன்னொரு டொக்கில் அணையவேண்டும். கடைசியில் மூன்று பல்பு வைத்த வெள்ளி நிற டார்ச் ஒன்றில் வந்து நின்றார். அதையும் இடுப்பு உயரத்திலிருந்து கடைத் தரையில் போட்டுப் பார்த்தார். "உடைஞ்சா நீங்கதான் வாங்கிக்கோணும்!" என்று கத்தினேன். அது உடையவில்லை. அவருக்கு நான் கத்தியதும் கேட்கவில்லை.

அப்புறமும் அவருக்கு ஒரு குறை. எல்.இ.டி. வெளிச்சம் நீலம் பாய்ந்த வெள்ளை. அதில் உதடு கறுத்து, பல் மட்டும் பளிச்சென்று, பொணத்து முகம் மாதிரி தெரிகிறது என்றார். சட்டைப் பையிலிருந்து ஹாஃப் ஒயிட் பனியன் துணியில் ஒரு துண்டை எடுத்தார். அவர் மெஷினிலேயே இறங்கிய துணி. அதை டார்ச்சின் வாயில் ஒரு மடிப்பு மட்டும் போர்த்தி, என் கடை ரப்பர் பேண்டாலேயே இறுக்கினார். பொத்தானை அமுக்கியதும் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கூர்மை போய், பால் மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது.

"இதைப் பிடிச்சுக்கிட்டு அந்த மூலையில நின்னு ஏதாவது சொல்லுங்க அம்மிணி. சத்தம் வேண்டாம்" என்று என் கையில் கொடுத்தார்.

கடையில் ஆள் நிற்கிறது, எனக்கு இது தேவையா? தாடைக்குக் கீழே டார்ச்சைப் பிடித்து, "உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா?" என்று வாயை மட்டும் அசைத்தேன்.

கடை வாசலில் நின்றுகொண்டு, "உங்களுக்கு வேற வேலையே இல்லீங்களா" என்று ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார் ராமர். அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. திட்டு வாங்கி அவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரையும் பார்த்ததில்லை. டார்ச் பாஸாகிவிட்டது.

அன்று சாயங்காலம் கரண்ட் போனதும் அது யாருக்கு என்று தெரிந்துவிட்டது. டார்ச்சை சீனியம்மாளின் கையில் கொடுத்து, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினார். அவள் முதலில் வெட்கப்பட்டாள். பிறகு அமுக்கினாள். அவள் முகம் மட்டும் இருட்டில் தெரிந்தது. "அண்ணாச்சி, தெரியுதா?" என்றாள். "தெரியுது" என்றார். அதற்குப் பிறகு அது ஒரு பழக்கமாகிவிட்டது. அவள் பேசும்போது டார்ச் எரியும், பேசி முடித்ததும் அணையும். அவர் இருட்டிலேயே பதில் சொல்வார், அவளுக்குத்தான் காது இருக்கிறதே. மறுபடி டொக்கென்று எரியும். கரண்ட் வந்தால்கூட அவர்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். எனக்குப் பார்க்கவே நன்றாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும், நான் பேசினால்தான் கேட்காது.

அகலம் பார்த்தார், நிறம் பார்த்தார், பொத்தான் பார்த்தார், கீழே போட்டும் பார்த்தார். இருண்டு கிடக்கும் வாசலில் ஒரே ஒரு பொம்பளையின் முகத்துக்கு வெளிச்சம் போட்டால் ஐந்து வீடும் அந்த முகத்தைத்தான் பார்க்கும் என்பதை மட்டும் ராமர் பார்க்கவில்லை. அவருடைய தொழிலில் வெளிச்சம் என்பது அவர் பார்ப்பதற்கு மட்டும்தான். எனக்கும் அது தோன்றவில்லை. வெளிச்சம் இல்லாதபோது அவள் சிரித்தாளா, சேலைத் தலைப்பைச் சரிசெய்தாளா, யாரைப் பார்த்துப் பேசினாள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது எல்லாம் தெரிந்தது. அவர் ஏதோ சொல்ல, அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டே டார்ச்சை அமுக்குவதும், கன்னம் சிவப்பதும்கூடத் தெரிந்தது.

இரண்டாம் நம்பர் வெள்ளையம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் நாக்குக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒருநாள் இருட்டிலிருந்து, "ஏனுங்கக்கா, ஷூட்டிங் நடக்குதுங்களா? கதாநாயகி மொகத்துல லைட்டடிக்கறாங்க!" என்றாள். வாசலே சிரித்தது. சீனியம்மாளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே டார்ச்சை அணைத்துவிட்டாள். ராமருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அடுத்த பேச்சுக்காக அவள் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அப்புறம் டார்ச் எரியவே இல்லை.

"வாய வெச்சுட்டு சும்மா இருக்க மாட்டியா நீயி?" என்று வெள்ளையம்மாளை நான் பிடித்துத் திட்டினேன். அவள் ஒருத்தியைத் திட்டி என்ன பிரயோஜனம்? உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியாது. அதற்குப் பிறகு சீனியம்மாள் டார்ச்சை இறக்கிப் பிடிக்க ஆரம்பித்தாள். வெளிச்சம் முழங்கையில் விழும், மடியில் விழும். "கொஞ்சம் மேல, கொஞ்சம் மேல" என்று கெஞ்சுவது மாதிரி சொல்வார் ராமர். மறுநாள் காலையில் என் கடைக்கு வந்து, செல் தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று புது பட்டன் செல் வாங்கிப் போட்டார். செல்லில் குறை இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

எந்த வழியாகப் போனதோ, சேதி சாத்தூருக்குப் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாண்டித்துரை வந்தான். வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "போதும்மா நீ சம்பாரிச்சது. பேசாம ஊருக்கு வா. எம் பொண்டாட்டியும் மாசமா இருக்கா, ஆள் வேணும்" என்றான். மருமகள் மாசமாக இருப்பது நிஜம்தான். ஆனால் அவன் ஐந்தாம் நம்பர் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ராமர் ஷிப்டில் இருந்தார். சீனியம்மாள் சாமான்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டாள். மறுநாள் விடிந்ததும் பஸ் என்று முடிவானது.

அன்று சாயங்காலமும் கரண்ட் போனது. பாண்டித்துரை கடைவீதிக்குப் போயிருந்தான். மற்றவர்களும் என்னவோ அன்று வாசலுக்கு வரவில்லை. நான் பின்கதவின் படியில் உட்கார்ந்து மறுநாளைக்குப் புளி ஊறப்போட்டுக்கொண்டிருந்தேன். சீனியம்மாள் வெளியே வந்தாள். தன் படியில் உட்காராமல், ராமரின் படிக்குக் கீழே வந்து உட்கார்ந்தாள். டார்ச் எரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு, முதல் நாள் பிடித்த மாதிரி, முகம் முழுக்கத் தெரியும்படி பிடித்திருந்தாள்.

"அண்ணாச்சி, மருமக மாசமா இருக்கா, மகன் கூப்புடுதான். காலைல ஊருக்குப் போறேன்."

"நல்லது. மருமகளையும் பிறக்கப்போற பிள்ளையையும் பத்திரமா பாத்துக்கோங்க" என்றார்.

"ஒடம்பப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. ராத்திரி சும்மா படுக்காதீக. ஒரு வாய் கஞ்சியாவது வச்சுக் குடிங்க."

"சரி."

டொக்கென்று டார்ச் அணைந்தது. அவள் எழுந்து போகவில்லை. இருட்டுக்குள் அவள் குரல் மறுபடியும் வந்தது. மெதுவாகத்தான் பேசினாள். ஆனாலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இருன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் இருந்துருவேன்."

புளியில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சொல்லுங்க, சொல்லித் தொலைங்க என்று உள்ளுக்குள் கத்தினேன். ராமர் வாயே திறக்கவில்லை. அவளும் பதிலுக்காகக் காத்திருந்த மாதிரி தெரியவில்லை. டார்ச்சை அவர் கையில் வைத்துவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் பின்கதவைப் படாரென்று சாத்தினேன். அதுவும் அவருக்குக் கேட்டிருக்காது என்பது அப்போது என் புத்தியில் ஏறவில்லை. எனக்குக் கேட்டது அவருக்கும் கேட்டிருக்கும் என்றேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் நான் கடை திறப்பதற்குள் நாலாம் நம்பரில் பூட்டுத் தொங்கியது. ராமர் வழக்கம்போல வேலைக்குப் போய்விட்டார். சாயங்காலம் வந்து என் மேஜை மேல் டார்ச்சை வைத்தார். பனியன் துணியும் ரப்பர் பேண்டும் அப்படியே இருந்தன.

"வச்சுக்கோங்க அம்மிணி. லைட்டு நல்ல லைட்டுதான். எனக்கு இனிமே வேண்டியதில்ல. யாருக்காவது குடுத்துருங்க" என்றார்.

காலையிலிருந்து அடக்கிவைத்திருந்ததெல்லாம் எனக்கு வெளியே வந்துவிட்டது. "ஏனுங்க, அந்தம்மா அவ்வளவு தூரம் வாய்விட்டுக் கேட்டாங்க. ஒரு வார்த்தை சொன்னா உங்க வாயில இருக்கற முத்து உதிர்ந்து போயிடுங்களா? கல்லுப் புள்ளையாராட்டம் உக்காந்திருந்தீங்களே!" என்றேன்.

அவர் என் வாயையே பார்த்தார். "என்ன கேட்டாங்க?" என்றார்.

அப்போதுதான் கரண்ட் போனது. கடை இருண்டது. எனக்கு நேற்று இருட்டில் கேட்ட அந்த டொக் சத்தம் ஞாபகம் வந்தது. முதலில் அணைத்தாள், அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

"அம்மிணி, என்ன கேட்டாங்க?" இருட்டிலிருந்து அவர் குரல் மறுபடியும் வந்தது.

மேஜையைத் தடவி டார்ச்சை எடுத்தேன். தாடைக்குக் கீழே பிடித்து அமுக்கினேன். "லைட்டை அமத்திட்டு ஒண்ணு சொன்னாங்கங்க. இருன்னு ஒரு வார்த்தை சொன்னா நான் இருந்துருவேன்னு."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இப்ப என்ன கெட்டுப் போச்சுங்க? ராத்திரிக்கே பஸ் இருக்குது. போயி நேருல சொல்லுங்க. ஊர்க்காரங்க கெடக்கறாங்க, நாலு நாளைக்குப் பேசிப்போட்டு அடங்கிப் போவாங்க. நான் வேணா கூட வர்றனுங்க" என்று படபடவென்று பேசினேன். அவ்வளவு வேகமாகப் பேசினால் அவருக்குப் பிடிபடாது என்பதையும் மறந்துவிட்டேன். ஆனாலும் புரிந்துகொண்டார்.

"இல்ல அம்மிணி," என்றார். "எங்கிட்டச் சொல்லணும்னா லைட்டப் போட்டுச் சொல்லியிருப்பாங்க. எனக்குக் கேக்காதுன்னு அவங்களுக்கு மட்டுந்தான் நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் அணைச்சிருக்காங்க. அது எனக்குச் சொன்னதில்ல. அவங்களுக்கு அவங்களே சொல்லிக்கிட்டது. அதை வச்சுக்கிட்டுப் போயி அவங்க மகன் வாசல்ல நிக்க முடியுமா?"

அவர் சொன்னது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. அவள் பயந்து அணைத்தாளா, வெட்கத்தில் அணைத்தாளா, இரண்டும் இல்லாமல் அவரைக் காப்பாற்றத்தான் அணைத்தாளா, யார் கண்டது? எனக்கு அழுகை வந்தது. டார்ச் முகத்தில் எரிந்துகொண்டிருந்ததால் அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

படியிறங்கி வாசல் பக்கம் நடந்தார். பாதி தூரம் போனவர் திரும்பி வந்தார். மேஜைக்கு முன்னால் நின்று எதையோ கேட்கத் தயங்கினார். எனக்குத் தெரிந்து அந்த மனிதர் எதற்கும் அவ்வளவு தயங்கியதில்லை.

"அதைச் சொல்லும்போது அண்ணாச்சின்னு சொன்னாங்களா?"

நான் யோசித்துப் பார்த்தேன். ஊருக்குப் போகிறேன் என்றபோது சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோதும் சொன்னாள்.

"இல்லீங்க. அதுல மட்டும் சொல்லலீங்க" என்றேன்.

ராமர் தலையை ஆட்டினார். மேஜையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இன்னொருக்காச் சொல்லுங்க அம்மிணி," என்றார். "அவங்க சொன்ன மாதிரியே."

ஒரு சாமானுக்கு இரண்டு தடவை விலை கேட்டாலே எரிந்து விழுகிறவள் நான். டார்ச்சைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடித்தேன். அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, மெதுவாக, மறுபடியும் சொன்னேன்.